ஒற்றைக் கையுறை

கோல்ஃப் மட்டையை வாழ்நாளில் பிடித்தறியாதவன் கோல்ஃப் கையுறையைப் பற்றி எழுதலாமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். 36 ஆண்டுகள் கருவூலத்தில் உட்கார்ந்து அடுத்தவர் சம்பளத்தையும் அடுத்தவர் பென்ஷனையும் கணக்குப் பார்த்தவன் நான். நமக்குச் சொந்தமில்லாத பொருளின் மேல் அக்கறை காட்டுவது தொழிலோடு வந்த பழக்கம். போன குளிர்காலத்தில் அப்படி அக்கறை காட்ட வேண்டிய ஒரு பொருள் என் வீட்டு மாடிக் கொடியில் தொங்கியது.

அது எங்கள் அத்தானுடையது. என் பெரிய அக்காவின் கணவர். நம் ஊர் வழக்கில் அவர் ஒரு சொல்தா. 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்று எழுதிக் கொடுத்த குடும்பத்துப் பிள்ளை. பட்டாளத்தில் சேர்ந்து, ஸ்டோரில் சார்ஜெண்டாக இருந்து, பாராசூட் படைப் பள்ளி இருக்கிற போ நகரத்திலேயே வீடு வாங்கித் தங்கிவிட்டார். இப்போது வயது 81. அக்கா காலமான பிறகு ஆண்டுதோறும் நவம்பர் முதல் வாரத்தில் புதுச்சேரிக்கு வந்துவிடுவார். பதினொன்றாம் தேதி கடற்கரை நினைவுச் சின்னத்தில் மலர் வளையம் வைக்கும்போது அவரும் பதக்கங்களோடு நிற்க வேண்டும். பிறகு மார்ச் வரை எங்கள் வீட்டு மாடி அறை அவருக்கு.

போ என்கிற ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. பிரனே மலைக்கு வடக்கே, காவ் என்ற ஆற்றின் கரையில் இருக்கிறது. அங்கே குளிர்காலத்தைக் கழிக்க வந்த ஆங்கிலேயர்கள் 1856-ல் ஒரு கோல்ஃப் சங்கம் தொடங்கினார்கள். ஐரோப்பியக் கண்டத்திலேயே அதுதான் முதலாவது. பிரான்சு நாட்டு மாவட்டங்களையும் ஆறுகளையும் வரிசையாக ஒப்பிக்கச் சொல்லிப் பள்ளியில் எங்களை வாட்டினார்கள். தென்பெண்ணை எங்கே பிறக்கிறது என்று எனக்குத் தெரிந்தது வேலைக்குப் போன பிறகுதான். அந்தப் படிப்பில் போ நகரம் நான்காம் ஹென்றி பிறந்த ஊராக வந்தது. கோல்ஃப் வரவில்லை. அத்தானுக்கு அந்த ஆட்டத்தைப் பழக்கியது அக்கா. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்து அலமாரியைத் திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தவரை வெளியே துரத்துவதற்கு அவள் கண்ட வழி அது.

இங்கே வந்தாலும் விடமாட்டார். வாரம் ஒரு நாள் விடியற்காலையில் கார் வைத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னைக்குப் போவார். நந்தனத்தில் உறுப்பினராக இருக்கிற ஒரு சிநேகிதரோடு ஆடிவிட்டுப் பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்புவார்.

முதல் தடவை அந்தக் கையுறையைப் பார்த்த என் மனைவி, "அண்ணா, இன்னொண்ணு எங்கே? காற்றில் பறந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்து வீட்டு மாடியை எட்டிப் பார்த்தாள். வலக்கைக்காரர்கள் கோல்ஃபில் இடது கைக்கு மட்டும்தான் உறை போடுகிறார்கள். மட்டையின் மேல் நுனியைப் பிடித்து அதை நழுவாமல் காப்பது இடது கை. வலது கைக்கு உறை வேண்டாம், விரல் நுனியின் உணர்வு வேண்டும் என்கிறார்கள். அந்த உணர்வுக்காகவே, பந்தைக் குழிக்குள் மெல்லத் தட்டுகிற கடைசிக் கட்டத்தில் பலரும் இடது கை உறையையும் கழற்றிப் பின்பாக்கெட்டில் செருகிக்கொள்கிறார்கள். கடையில் விற்பதும் ஒற்றையாகத்தான். மழைக்கான உறையை இரண்டு கைக்கும் சேர்த்து விற்கிறார்கள். அது நனைந்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கிற துணி.

போன டிசம்பரில் ஒரு நாள் அத்தான் நந்தனத்திலிருந்து முகம் தொங்கிப்போய் வந்தார். காபியைக் குடித்துவிட்டு, "தம்பி, இந்த மட்டைகளை யாருக்காவது கொடுத்துடலாம்னு இருக்கேன். கை போயிடுச்சு" என்றார்.

மட்டை கையில் நிற்கவில்லையாம். நழுவுகிறதாம். நழுவுகிறதே என்று இறுக்கிப் பிடித்தால் கட்டைவிரல் மூட்டில் வலி. வலிக்குப் பயந்து பிடியைத் தளர்த்தினால் பந்து வேலிக்கு வெளியே போகிறது. போ நகரத்து வைத்தியர் வயதுதான் காரணம் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். வயது காரணம் என்றால் 81 வயதுக்காரன் என்ன பதில் சொல்ல முடியும்? அவர் சொன்ன தொனி எனக்குப் பிடிக்கவில்லை. அக்கா போன வருஷம் இதே தொனியில், வீட்டை விற்றுவிடலாம் என்று இருக்கிறேன் என்றார். அப்போது தடுத்ததில் கோல்ஃபுக்கும் பங்கு உண்டு.

மறுநாள் காலையில் மாடிக்குப் போனேன். கையுறை கொடியில் கிளிப் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தேன். சுட்ட அப்பளம் மாதிரி இருந்தது. விரலை மடக்கினால் மடங்கவில்லை, மடக்கிய இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தது. ஆனால் சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம்! தும்பைப் பூ தோற்றது.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. அத்தான் சில ஆண்டுகள் நினைவுநாள் அணிவகுப்பில் கொடி பிடித்தவர். கொடி பிடிக்கிறவர்கள் வெள்ளைப் பருத்திக் கையுறை போட வேண்டும். அந்த உறைகளை அவர் துவைப்பதைப் பார்த்திருக்கிறேன். வெந்நீரில் ஊறப் போட்டு, பார் சோப்பைத் தேய்த்து, கல்லில் கும்மி, நீலம் போட்டு, முறுக்கிப் பிழிந்து, உச்சி வெயிலில் காயப் போடுவார். காய்ந்ததும் தூக்கிப் பிடித்து 'ஆம்பெக்காப்ல்' என்பார். அப்பழுக்கு இல்லை என்று அர்த்தம். பட்டாளத்தில் சோதனைக்கு வருகிற அதிகாரி சொல்கிற சொல். பருத்திக்கு இந்த மரியாதை தகும். தோலுக்கும் அதே மரியாதையைச் செய்திருக்கிறார், ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பாய் இருக்கிறார். வாணியம்பாடிக்காரர். தோல் பதனிடும் தொழிற்சாலையில் நாற்பது வருஷம் இருந்துவிட்டு மகள் வீட்டோடு வந்தவர். மாலை நடையில் எனக்குத் துணை. அவரை மாடிக்கு அழைத்து வந்தேன். கையுறையை வாங்கி, முதலில் மோந்து பார்த்தார். பிறகு நகத்தால் உள்ளங்கைப் பக்கம் ஒரு கீறு கீறினார். "சார், இது தோல் இல்லை, அட்டை" என்றார். அத்தான் முகம் சிவந்துவிட்டது.

பாய் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். தோல் என்பது நார்களின் பின்னல். பதனிட்ட பிறகு அந்த நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் வழுக்கிப் போவதற்காக அதற்குள் எண்ணெய் ஏற்றுகிறார்கள். தோல் மெத்தென்று இருப்பதும் கைக்கு ஏற்ப வளைவதும் அந்த எண்ணெயால்தான். காரமான பார் சோப்பும் வெந்நீரும் அழுக்கோடு அந்த எண்ணெயையும் இழுத்துக்கொண்டு போய்விடும். ஈரத்தோலை வெயிலில் போட்டால் நார்கள் சுருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக் காயும். அப்புறம் அதைப் பிசைந்தாலும் பழையபடி வராது. கோல்ஃப் உறையின் தோலோ அரை மில்லிமீட்டர் கனம்கூடச் சில இடத்தில் இருக்காது. செருப்புத் தோல் தாங்குகிற கொடுமையை அது தாங்காது.

"எந்த ஆடு இது?" என்று அத்தான் கேட்டார். கோபம் தணிந்து ஸ்டோர்க்காரர் விழித்துக்கொண்டார் என்று தெரிந்தது. உறையில் காப்ரெட்டா என்று போட்டிருந்தது. கம்பளி வளராமல் முடி வளர்கிற செம்மறியின் தோலுக்கு அந்தப் பெயர். எத்தியோப்பியா, இந்தோனேசியா போன்ற வெப்ப நாட்டு ஆடுகள். கம்பளி ஆட்டுத் தோலைவிட நெருக்கமான நார், அதனால் மெல்லியதாக எடுத்தாலும் வலு இருக்கும். நம் பக்கத்துச் செம்மறிகளும் பெரும்பாலும் முடி ஆடுகளே. சேலம் பக்கத்து மேச்சேரி ஆட்டுத் தோலுக்கு வியாபாரத்தில் தனி மதிப்பு உண்டு என்று பாய் பெருமையாகச் சொன்னார். நானும் என் பங்குக்கு, பிரான்சில் கையுறைக்குப் பேர்போன ஊரைப் பற்றிப் பள்ளியில் படித்ததைச் சொன்னேன். எழுத்தில் மில்லாவ் போலத் தெரியும், மியோ என்று உச்சரிக்க வேண்டும். பக்கத்தில் ரோக்ஃபோர் பாலாடைக்கட்டி செய்கிற ஊர். பால் கட்டிக்குப் போக வேண்டும் என்பதால் குட்டிகளைச் சீக்கிரமே தாயிடமிருந்து பிரித்துவிடுவார்கள். அந்த இளங்குட்டிகளின் தோல் கையுறைக்குப் போனது. பரீட்சைக்குப் பிறகு அறுபது ஆண்டுகளாக யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. விடை எப்போதாவது உதவும் என்று வைத்திருந்தேன்.

செத்த உறையைப் பிழைக்க வைக்க முடியுமா என்று பார்த்தோம். தேங்காயெண்ணெய் தடவலாமே என்று என் மனைவி சொன்னாள். பாய் பதறிவிட்டார். உள்ளங்கையில் எண்ணெய் ஏறினால் மட்டை மீனாக வழுக்கும். பை, செருப்பு ஆகியவற்றுக்குத் தடவுகிற மெழுகும் அப்படியே. பிடிப்பதற்காக இருக்கிற தோலுக்கு மேற்பூச்சு எதுவும் ஆகாது. ஆகவே பழசைக் கைவிட்டு, அத்தான் பெட்டியில் சீல் பிரிக்காமல் இருந்த மூன்று புதிய உறைகளில் ஒன்றை எடுத்தோம். பிரான்சில் ஒன்று 15 முதல் 20 யூரோவுக்கு வாங்குகிறாராம். ஏழெட்டு ஆட்டத்துக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். மாற்றிய புதிதில் கை நன்றாக இருந்ததா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "முதல் ரெண்டு ஆட்டம் நல்லாத்தான் இருக்கும். நல்ல நாள்னு நினைச்சுக்குவேன்" என்றார்.

அடுத்த வாரம் நந்தனத்திலிருந்து நேரே பாய் வீட்டுக்குப் போய்விட்டு அதன் பிறகுதான் எங்கள் வீட்டுக்கு வந்தார். மட்டை நழுவவில்லை. பந்து முன்னைவிடத் தூரமெல்லாம் போகவில்லை, 81 வயதுதானே. இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை, ஆகவே கட்டைவிரல் வலிக்கவில்லை. மட்டைகளைக் கொடுத்துவிடுவது பற்றிப் பேச்சு இல்லை.

பிறகு நாங்கள் மூவரும் உட்கார்ந்து பராமரிப்பு முறை ஒன்றை வகுத்தோம். பேரனோ மருமகனோ கோல்ஃப் ஆடுகிற நண்பர்களுக்குப் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உறையைக் கெடுப்பதில் முதல் குற்றவாளி வியர்வை உப்பு. நம் கடற்கரைக் காற்றில் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆட்டம் முடிந்து கசக்கிப் பையில் போட்ட உறை, மறுவாரம் எடுக்கும்போது பச்சை பூத்திருக்கும் அல்லது கசங்கிய வடிவத்திலேயே காய்ந்திருக்கும். அதனால் ஆட்டம் முடிந்த பத்து நிமிஷத்துக்குள் கவனிக்க வேண்டும். கையில் போட்டபடியே, பழைய வேட்டித் துண்டைத் தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்து, உள்ளங்கையையும் விரல் இடுக்குகளையும் ஒற்றித் துடைத்தால் போதும். தேய்க்கக் கூடாது. அழுக்கு விடாப்பிடியாக இருந்தால் மட்டும், குழந்தைக்குப் போடுகிற மென்மையான திரவ சோப்பில் ஒரு துளியைக் குளிர்ந்த தண்ணீரில் கலந்து துடைத்து, மறுபடி வெறும் ஈரத்துணியால் சோப்பை எடுத்துவிட வேண்டும். இது மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம் என்பது பாயின் தீர்ப்பு. கொஞ்சம் மஞ்சளித்தாலும் பரவாயில்லை. அத்தானுக்கு இதை ஏற்றுக்கொள்ள மூன்று வாரம் பிடித்தது.

கழற்றும் முறையும் உண்டு. சட்டைக் கையை உருவுவதுபோல் மணிக்கட்டிலிருந்து உரித்தால் உட்பக்கம் வெளியே வந்து தையல் விட்டுப்போகும். விரல் நுனி ஒவ்வொன்றையும் லேசாக இழுத்துத் தளர்த்திக் கழற்ற வேண்டும். போடும்போது விரல்கள் முழுவதும் நுழைந்த பிறகே உள்ளங்கையை இழுத்து வெல்க்ரோவை ஒட்ட வேண்டும்.

காய்வது நிழலில், மின்விசிறிக் காற்று எட்டுகிற இடத்தில், தட்டையாக. வெயில், முடி உலர்த்தும் கருவி, பிரான்சில் வீட்டைச் சூடாக்குகிற ரேடியேட்டர், மூன்றும் ஒரே ஜாதி. இவற்றைவிட மோசமானது காரின் முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கிற பலகை. சென்னையிலிருந்து திரும்பும் மூன்று மணி நேரமும் அத்தானுடைய உறை அங்கேதான் பயணம் செய்திருக்கிறது, ஓட்டுநரின் எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில். முக்கால்வாசி காய்ந்த நிலையில் ஒரு தடவை கையில் போட்டு ஐந்தாறு முறை விரலை மடக்கி நீட்டிவிட்டு, மறுபடி காய விட்டால் கையின் வடிவம் அதற்கு நினைவிருக்கும். முழுக்கக் காய்ந்ததும் வெல்க்ரோவை மூடி, வாங்கும்போது வந்த அட்டையோடும் உறையோடும் வைத்துவிட வேண்டும். வெல்க்ரோவைத் திறந்து வைத்தால் அதன் கொக்கிகள் பக்கத்துத் தோலைப் பிராண்டும். அதில் சேர்கிற பஞ்சை எடுக்கப் பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். மழைக்காலத்தில் மாத்திரைக் குப்பிகளில் வருகிற ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களை அந்த உறைக்குள் போட்டு வைத்தேன். இந்த வயதில் நம் வீடுகளில் மாத்திரைக் குப்பிக்கா பஞ்சம்?

ஒரே உறையை நாள் முழுவதும் போடாமல், பதினெட்டுக் குழி ஆட்டத்தில் ஒன்பதுக்கு ஒன்று, அடுத்த ஒன்பதுக்கு இன்னொன்று என்று மாற்றினால் ஈரம் ஊறாது. தலைக்கு எண்ணெய் தடவிய கையோடு, வெயிலுக்குக் களிம்பு பூசிய கையோடு உறையைப் போடக் கூடாது. கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் போட வேண்டும். மட்டையின் ரப்பர்ப் பிடியும் முக்கியம். அதில் அழுக்கு ஏறி வழவழத்தால் நாம் இறுக்கிப் பிடிப்போம், உறை தேயும். உறைக்குத் தடை செய்த சோப்பும் பிரஷும் பிடிக்குத் தாராளமாகப் போடலாம் என்று சொன்னதும் அத்தான் பதினான்கு மட்டைகளையும் ஒரே மாலையில் தேய்த்து மாடிச் சுவரில் வரிசையாகச் சாத்தி வைத்தார். அவருக்கும் ஒரு வடிகால் வேண்டுமே.

செயற்கைத் தோல் உறைகள் வேறு. அவற்றைக் குளிர்ந்த நீரில் அலசலாம், விலையும் குறைவு, நீடித்தும் உழைக்கும். நம் வெக்கைக்கு அவைதான் புத்திசாலித்தனம் என்று நான் நினைக்கிறேன். தொட்டுப் பார்த்தால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது என்று அத்தான் மறுத்துவிட்டார்.

மூன்று உறைகளுக்கும் மணிக்கட்டின் உட்பக்கம் பேனாவால் எண் போட்டேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, தேதி, உறை எண், எத்தனை குழி, குறிப்பு என்று பத்தி பிரித்தேன். அத்தான் நோட்டைப் பார்த்துவிட்டு, குறிப்புப் பத்தியைக் கொஞ்சம் அகலமாகப் போட்டிருக்கலாம் என்றார். மார்ச்சில் ஊருக்குப் போகும்போது நோட்டையும் எடுத்துக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசும்போது அதிலிருந்து படித்துக் காட்டுவார். போன வாரக் கணக்குப்படி ஒன்றாம் எண் 19 ஆட்டம் ஆடியிருக்கிறது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் மெலிந்திருக்கிறது, இன்னும் கிழியவில்லை. நிறம் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அட்டையாகிப்போன பழைய உறையை என் மனைவி எடுத்துக்கொண்டாள். காகிதப் பூச்செடியைக் கத்தரிக்கும்போது போட்டுக்கொள்கிறாள். இடது கைக்கு முள் குத்துவதில்லை. வலது கைக்கு ஒன்று வாங்கிவரச் சொல்லி அத்தானுக்குத் தாக்கல் அனுப்பியிருக்கிறாள்.